கவெசஸ் மக்களும் 1874-ஆம் ஆண்டு உடன்படிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஜூன் மாதம் கனடாவின் கவெசஸ் என்ற பூர்வகுடிச் சமூகத்தின் பெயர் சில நாட்கள் உலகச் செய்திகளில் ஓடியது. பழைய உறைவிடப் பள்ளி ஒன்றை ஒட்டி 751 பெயர்க்கல் இல்லாத கல்லறைகள் என்ற எண்ணும் கூடவே வந்தது. எண் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த மக்கள் யார், அவர்களுக்கும் கனடா அரசுக்கும் நடுவே என்ன பேச்சு இருந்தது என்று கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு. நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோட்டோ என்பவர்கள் யார்? க்ரீ என்பவர்கள் யார்? இரண்டு இனம் ஒரே ஊரில் எப்படி?

சோட்டோ மக்கள் அனிஷினாபே என்ற பெரிய இனத்தின் மேற்குக் கிளை. முன்பு பெரும் ஏரிகளின் பக்கம், இன்றைய சூ செயின்ட் மரி நகரம் இருக்கும் ஆற்றுப் பாய்ச்சலை ஒட்டி வாழ்ந்தவர்கள். பாய்ச்சலுக்குப் பிரெஞ்சில் 'சோ' என்பார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது. அவர்கள் தங்களை நகவே என்றும் தங்கள் மொழியை நகவேமோவின் என்றும் சொல்கிறார்கள். க்ரீ மக்கள் தங்களை நேஹியவக் என்கிறார்கள். இரண்டும் அல்கோங்கிய மொழிக் குடும்பம். அக்கா தங்கை மொழிகள்.

மென்மயிர்த் தோல் வாணிகம் மேற்கே நகர நகர, 18-ஆம் நூற்றாண்டில் சோட்டோ மக்களும் புல்வெளிப் பக்கம் வந்தார்கள். அங்கே க்ரீ, அசினிபோய்ன் மக்களோடு சேர்ந்து பைசன் என்ற காட்டெருமையை வேட்டையாடினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஒரே கூடாரத்தில் இரண்டு மொழி கேட்பது அங்கே சாதாரணம். பிறகு மெட்டிஸ், அதாவது ஐரோப்பியரும் பூர்வகுடிகளும் கலந்த வழியினரின் குடும்பங்களும் சேர்ந்தன. 'சோட்டோ-க்ரீ சமூகம்' என்று இன்று சொல்வது இப்படிக் கலந்து உருவானதைத்தான்.

கவெசஸ் எங்கே இருக்கிறது? பெயருக்கு என்ன பொருள்?

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்கில், ரெஜைனா நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். குவாப்பெல் ஆற்றின் பள்ளத்தாக்கில், க்ரூக்கட் ஏரியின் ஓரம். இன்று 4,000-க்கும் அதிகமானோர் அந்தச் சமூகத்தின் பதிவில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ரிசர்வுக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு வெளியே, நகரங்களில் வசிக்கிறார்கள்.

கவெசஸ் என்பது 1874-இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவரின் பெயர். சோட்டோ மொழியில் 'சின்னப் பையன்' என்று பொருள். குவாப்பெல் என்ற ஆற்றுப் பெயரும் அழகானது: 'கூப்பிடுவது யார்?' இரவில் தன் பெயரை யாரோ அழைப்பதாகக் கேட்ட ஒருவரைப் பற்றிய கதை அந்தப் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்லப்படுகிறது.

'நான்காம் உடன்படிக்கை' என்றால் என்ன?

1871 முதல் 1921 வரை கனடா அரசு, பிரிட்டிஷ் அரசியின் (பிறகு அரசரின்) பெயரில் பூர்வகுடிகளோடு பதினொரு உடன்படிக்கைகள் செய்தது. எண்ணால் குறிக்கப்படும் அந்த வரிசையில் இது நான்காவது. 1874 செப்டம்பர் 15-ஆம் தேதி ஃபோர்ட் குவாப்பெல் என்ற இடத்தில் க்ரீ, சோட்டோ தலைவர்கள் 13 பேர் இதில் குறியிட்டார்கள். அவர்களில் கவெசஸும் ஒருவர். வேறு சில குழுக்கள் பின்னர் சேர்ந்தன. ஏறத்தாழ 75,000 சதுர மைல் நிலம் இதற்குள் வருகிறது. இன்றைய தெற்கு சஸ்காச்சுவானின் பெரும்பகுதி அதுதான்.

அவர்கள் ஏன் சம்மதித்தார்கள்?

எருமை குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு, உடை, கூடாரம் எல்லாமே எருமைதான். 1879 வாக்கில் கனடாப் புல்வெளியில் அது இல்லாமலே போய்விட்டது. 1869-70-இல் பெரியம்மை புகுந்து பல முகாம்களைக் காலி செய்திருந்தது. கிழக்கிலிருந்து குடியேறிகள் வரப்போவதும் தெரிந்திருந்தது. வேட்டை போனபின் பிள்ளைகள் எதைச் சாப்பிடுவார்கள் என்பது தலைவர்கள் முன் இருந்த கேள்வி. ஏமாளிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள் என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாரப் பேச்சைப் படித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அந்த ஒரு வாரத்தில் என்ன நடந்தது?

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரசு தரப்பில் மூன்று ஆணையர்கள்: துணைநிலை ஆளுநர் அலெக்சாண்டர் மாரிஸ், உள்துறை அமைச்சர் டேவிட் லேர்ட், டபிள்யூ. ஜே. கிறிஸ்டி. இந்தக் கிறிஸ்டி ஹட்சன் விரிகுடா கம்பெனியின் உயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கியது. நாட்கள் ஓடின, காரியம் நகரவில்லை. காரணம், அந்தக் கம்பெனிதான்.

இரண்டு நூற்றாண்டாக அங்கே தோல் வாணிகம் செய்துவந்த கம்பெனி, அந்தப் பரந்த நிலத்தின் மீது தனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொண்ட உரிமையை கனடாவுக்குக் கொடுத்து 3,00,000 பவுன் வாங்கியிருந்தது. 1870-இல் கைமாற்றம் முடிந்தது. அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாக்குறைக்கு, அங்கிருந்த கம்பெனிக் கோட்டையைச் சுற்றி கம்பெனிக்கென்று நிலம் வேறு அளந்திருந்தார்கள். பேச்சுக்கான கூடாரமும் கம்பெனி நிலத்தில்தான் நின்றது. அங்கே உட்கார்ந்து பேச மாட்டோம் என்றார்கள் பூர்வகுடிகள். கடைசியில் கூடாரத்தை இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

சோட்டோ தரப்பில் முக்கியமாகப் பேசியவரை 'கேம்ப்ளர்', அதாவது சூதாடி, என்று ஆங்கிலத்தில் அழைத்தார்கள். கம்பெனி எங்கள் நிலத்தைத் திருடிவிட்டது என்றார். என்ன திருடினார்கள் என்று ஆளுநர் கேட்டார். பதில் அரசு தரப்புக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது: மண், மரம், புல், கல், என் கண்ணுக்குத் தெரிகிற எல்லாம்.

அப்புறம் பாஸ்குவா என்ற தலைவர் எழுந்தார். கம்பெனி அதிகாரி அங்கேயே இருந்தார். அவரைக் கைகாட்டி, உன் நிலத்தை 3,00,000 பவுனுக்கு விற்றதாக நீயே சொன்னாய், அந்தப் பணம் எங்களுக்கு வேண்டும் என்றார். எனக்குப் பாஸ்குவா கேட்டது முழுக்க நியாயமாகவே படுகிறது. உரிமைக்கு விலை உண்டென்றால் அது உரிமைக்காரருக்கு அல்லவா போக வேண்டும்?

மாரிஸ் சொன்ன மறுமொழியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். மண்ணையும் புல்லையும் கல்லையும் மரத்தையும் படைத்தது யார்? பெரும் ஆவி. தன் பிள்ளைகள் எல்லோரும் பயன்படுத்தத்தான் படைத்தார். அதைப் பயன்படுத்துவது திருட்டு ஆகாது. சாரம் இதுதான். அதாவது நிலம் எல்லோருக்கும் பொது என்று அரசியின் ஆளே, எல்லோர் முன்னிலும் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கேள்வி தள்ளி மறுபடி வருவோம்.

தாளில் என்ன எழுதினார்கள்?

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ரிசர்வ் நிலம். ஆளுக்கு 128 ஏக்கர் வருகிறது. ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் 5 டாலர், தலைவருக்கு 25, அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு 15. வெடிமருந்து, வலைக்கயிறு வாங்க எல்லோருக்குமாக ஆண்டுக்கு 750 டாலர். பயிர் செய்பவர்களுக்கு மண்வெட்டி, கோடரி, ஏர், விதை, மாடு. தலைவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை கோட்டு, ஒரு கொடி, ஒரு வெள்ளிப் பதக்கம். ரிசர்வில் குடியேறி ஆசிரியருக்கு ஆயத்தமானதும் அங்கேயே ஒரு பள்ளி. ஒப்படைத்த நிலத்திலும் வேட்டையாட, மீன் பிடிக்க உரிமை, அரசு விதிகளுக்கு உட்பட்டு.

அந்தப் பதக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் விக்டோரியா அரசி. மறுபக்கம் சீருடை போட்ட அதிகாரியும் பூர்வகுடித் தலைவரும் கைகுலுக்குகிறார்கள். பின்னால் கூடாரங்கள், அடிவானத்தில் சூரியன். இருவர் காலடியிலும் தரையில் புதைந்த கோடரி. ஒருவர் உயரத்தில், ஒருவர் மண்டியிட்டு என்று இல்லை. இருவரும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். உடன்படிக்கை என்றால் என்ன என்று அரசு அன்று வார்த்துக் கொடுத்த படம் அது.

அப்படியானால் நிலத்தை விற்றுவிட்டார்களா, இல்லையா?

ஆங்கிலத் தாள் விட்டுக்கொடுக்கிறோம், ஒப்படைக்கிறோம் என்று சட்டச் சொற்களை அடுக்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிலம் என்றென்றைக்குமாகக் கைமாறிவிட்டது என்பது அரசு பல காலம் எடுத்த நிலை. பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது வேறு: நிலத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தோம், அதுவும் ஏர் முனை இறங்கும் ஆழம் வரை, உழுது பிழைப்பதற்காக. சூரியன் ஒளிரும் வரை, ஆறு ஓடும் வரை இது நிற்கும்.

நான் பெரியவர்கள் பக்கம். காரணம் உணர்ச்சி அல்ல. ஒரு வாரம் நடந்ததெல்லாம் வாய்ப்பேச்சு, மொழிபெயர்ப்பாளர் மூலம். தலைவர்கள் கேட்டது பேச்சைத்தான், சட்டத் தாளை அல்ல. அந்தப் பேச்சில் மாரிஸ் நிலத்தைப் பற்றிச் சொன்னது என்ன? எல்லோரும் பயன்படுத்தப் படைக்கப்பட்டது என்று. பொது என்று ஒப்புக்கொண்ட ஒன்றை ஒரு தரப்பு மட்டும் முழுசாக எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனியின் உரிமையைக் காப்பாற்ற அவர் சொன்ன வாதமே நிலம் பகிரப்பட்டது என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

பூர்வகுடிகள் தரப்பில் இன்னொரு பதிவும் உண்டு. அதே பாஸ்குவா 1883 வாக்கில் உடன்படிக்கையையும் அதில் சொல்லப்பட்ட பொருட்களையும் தாளில் படங்களாக வரைய வைத்தார். அது இங்கிலாந்துக்குப் போய், ஒரு குடும்பத்திடம் தலைமுறைகளாகக் கிடந்தது. 2007-இல் சஸ்காச்சுவானுக்குத் திரும்பி வந்து ரெஜைனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து இல்லாவிட்டால் கணக்கு இல்லை என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கையெழுத்துக்குப் பிறகு கவெசஸ் மக்கள் என்ன ஆனார்கள்?

இரண்டாகப் பிரிந்தார்கள். தலைவர் கவெசஸ் ஒரு பகுதியினரோடு மேற்கே சைப்ரஸ் குன்றுகள் பக்கம், மிச்சமிருந்த எருமையைத் தேடிச் சில ஆண்டுகள் இருந்தார். லூயி ஓசூப் என்பவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு க்ரூக்கட் ஏரிப் பக்கம் குடியேறிப் பயிர் செய்யத் தொடங்கினார். ரிசர்வ் அங்கேதான் அமைந்தது. பிறகு தலைவரும் வந்து சேர்ந்தார்.

பயிர் செய்யச் சொன்ன அரசே அதற்குக் குறுக்கே நின்றது. விளைந்ததை விற்க அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1885-க்குப் பிறகு ரிசர்வை விட்டு வெளியே போகவே சீட்டு வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது, ஆனால் பல பத்தாண்டுகள் அமலில் இருந்தது. 1927 முதல் 1951 வரை நில வழக்கு நடத்த வழக்கறிஞருக்குப் பணம் திரட்டுவதே குற்றம். வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஏன் முன்னேறவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

1907-இல் நிலம் போனது என்கிறார்களே, அது என்ன?

அந்த நேரம் ரயில் வந்துவிட்டது, கோதுமை நிலத்துக்கு ஏக தேவை. 1906-இல் அரசு சட்டத்தைத் திருத்தியது: ரிசர்வ் நிலத்தை விட்டுக்கொடுத்தால் விற்பனைப் பணத்தில் பாதி வரை முன்கூட்டியே கையில் கொடுக்கலாம். அதற்கு முன் பத்தில் ஒரு பங்குதான். ஜனவரிக் குளிரில், பணத்தோடு அதிகாரி வந்து வாக்கெடுப்பு வைத்தார். கவெசஸில் 15 பேர் சம்மதம், 14 பேர் மறுப்பு. ஒரே ஒரு வாக்கில் 20,704 ஏக்கர் போயிற்று. ரிசர்வில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு.

பக்கத்து ரிசர்வான ககேவிஸ்டஹாவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே ஜனவரி 23-இல் 14-க்கு 5 என்று மறுத்துவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி கூட்டம் போட்டு முடிவைப் புரட்டினார்கள். 33,281 ஏக்கர். நிலத்தை விடவே கூடாது என்று உறுதியாக நின்ற அவர்களுடைய முதிய தலைவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார்.

உறைவிடப் பள்ளிக்கும் உடன்படிக்கைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. தாளில் இருந்தது, அந்தந்த ரிசர்வில் ஒரு பள்ளி. பிள்ளைகள் காலையில் போய் மாலையில் வீடு திரும்பி, எழுத்தும் கணக்கும் கற்பார்கள் என்றுதான் எந்தப் பெற்றோரும் அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். வந்தது வேறு. கத்தோலிக்கத் திருச்சபை நடத்த, அரசு பணம் கொடுக்க, 1890-களின் இறுதியில் மேரிவல் உறைவிடப் பள்ளி தொடங்கியது. 1997 வரை இருந்தது. 1920-இல் 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளை அனுப்புவது சட்டப்படி கட்டாயமாயிற்று. முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்த பிள்ளைகளும் அங்கேயே தங்க வேண்டும். சுற்றியிருந்த மற்ற ரிசர்வுகளிலிருந்தும் கொண்டுவந்தார்கள். காசநோயும் மற்ற நோய்களும் நெரிசலான இத்தகைய பள்ளிகளில் பல பிள்ளைகளைக் கொன்றன. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் இந்த அமைப்பு முழுவதையும் பண்பாட்டு இனப்படுகொலை என்றே அழைத்தது.

பள்ளி கேட்டவர்களுக்குப் பள்ளி என்ற பெயரில் கிடைத்தது இது. உடன்படிக்கை மீறப்பட்டது என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு வரியையும் மேரிவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

2021-இல் கண்டுபிடித்தது மனிதப் புதைகுழியா?

இல்லை. கவெசஸ் தலைவராக இருந்த கேட்மஸ் டெலோர்ம் அன்றே தெளிவாகச் சொன்னார்: இது பலரை மொத்தமாகப் போட்டு மூடிய மனிதப் புதைகுழி அல்ல, அடையாளமில்லாத கல்லறைகள். பள்ளியை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் அது. தரையைத் தோண்டவில்லை, தரைக்குள் ஊடுருவும் ரேடார் வைத்து, ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து தேடினார்கள். 751 இடங்களில் அடையாளம் கிடைத்தது. கருவியில் 10 முதல் 15 சதவீதம் பிழை வரலாம் என்பதால் குறைந்தது 600 என்றும் சேர்த்தே சொன்னார்கள். எல்லாமே பிள்ளைகள் என்றும் அவர்கள் சொல்லவில்லை; பெரியவர்களும் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1960-களில் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் பெயர்க்கற்களை அகற்றிவிட்டதாகப் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள்.

இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணைப் பெரிதாக்க அவர்களுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் சின்னக் கொடி நட்டு, அந்த வார இறுதியில் சூரிய விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். இருட்டில் அந்த வயல் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அதே ஆண்டு அக்டோபருக்குள் ஏறத்தாழ 300 பேரின் பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த 5 டாலரை இன்னும் கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள், அதே 5 டாலர்! ஆண்டுக்கு ஒரு நாள் அதிகாரிகள் வருவார்கள். சிவப்புக் கோட்டுப் போலீஸ்காரர் பக்கத்தில் நிற்பார். பெயரைச் சரிபார்த்து நோட்டை நீட்டுவார்கள். 1874-இல் அதற்கு நிறைய வாங்கலாம், இன்று ஒரு வேளைச் சாப்பாடு கூட வராது. ஆனாலும் பலர் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் உடன்படிக்கை உயிரோடு இருக்கிறது என்று அரசு தன் கையாலேயே ஒப்புக்கொள்கிறது. வேறோர் உடன்படிக்கையில் 1875 முதல் 4 டாலராகவே நின்றுவிட்ட ஆண்டுத்தொகைக்காக வழக்கு நடந்து, 2024-இல் கனடா உச்ச நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கண்டித்தது.

இப்போது கவெசஸ் எப்படி இருக்கிறது?

1996-இல், உடன்படிக்கைக் கணக்குப்படி வர வேண்டிய நிலத்தில் விடுபட்டதற்கு ஈடாக அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்து, நிலம் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள். ரெஜைனா அருகே காற்றாலையும் மின்கலச் சேமிப்பும் அமைத்தார்கள். 2022-இல் 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றும் இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் அவாசிஸ். க்ரீ மொழியில் குழந்தை என்று பொருள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது பிள்ளைகள் பற்றிய சட்டம். உறைவிடப் பள்ளிகள் மூடிய பிறகும் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து அரசுப் பராமரிப்பில் வைப்பது நிற்கவில்லை. 2020-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், பிள்ளைகள் நலனில் பூர்வகுடிகள் தாங்களே சட்டம் இயற்றலாம் என்றது. அதைப் பயன்படுத்தித் தனக்கென்று சட்டம் இயற்றிய முதல் சமூகங்களில் கவெசஸ் ஒன்று. மியோ பிமாதிசொவின் என்ற அந்தச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெயரின் பொருள், நல்ல வாழ்வு. கல்லறைச் செய்தி வந்து இரண்டே வாரத்தில், ஜூலை 6-ஆம் தேதி, பிரதமரும் மாகாண முதல்வரும் கவெசஸுக்கே வந்து அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், 3.87 கோடி டாலர் நிதியும் தந்தார்கள்.

நாங்கள் கனடாவில் குடியேறிய தமிழர்கள். இதில் எங்களுக்கு என்ன?

ரெஜைனாவில் இருந்தால் நீங்கள் நான்காம் உடன்படிக்கை நிலத்தில் இருக்கிறீர்கள். டொராண்டோ, ஸ்காபரோ பக்கம் என்றால் அங்கே 1805, 1923 ஆண்டுகளின் வேறு உடன்படிக்கைகள். வீட்டுப் பத்திரம் செல்லுவதே இந்த உடன்படிக்கைகளின் மேல்தான். அதனால் அங்கே 'நாம் எல்லோரும் உடன்படிக்கை மக்கள்' என்று சொல்கிறார்கள். பூர்வகுடிகள் மட்டுமல்ல, மறுதரப்பாக வந்து குடியேறிய நாமும் அதில் சேர்த்தி.

ஆண்டுதோறும் செப்டம்பரில் ஃபோர்ட் குவாப்பெல்லில் நான்காம் உடன்படிக்கைக் கூடல் நடக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.